கேள்வி பதில்: குழந்தை, குடும்ப நலம் படிக்கலாமா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு, குழந்தை நலமும் குடும்ப நலமும் சார்ந்த இளநிலைப் படிப்புகளைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இங்கே தேர்ந்தெடுத்திருக்கிறோம். சமூகப்பணித் துறையில் ஆசிரியராக இருந்து, மாணவர்களின் களப்பணியை நெடுங்காலம் மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்ற பேராசிரியை ஒருவர் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் கலைப் பிரிவில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். எனக்குக் குழந்தைகளை மிகவும் பிடிக்கும். அவர்களுடைய நலனுக்காக வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வெளிநாடுகளில் 'குழந்தை மற்றும் குடும்ப சேவைகள்' என்ற பெயரிலேயே பட்டம் இருக்கிறதாம். நம் மாநிலத்தில் அதற்கு இணையாக எதைப் படிப்பது?
– மாணவி, திண்டிவனம்

பதில்: அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் இங்கே பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் அந்தப் பட்டத்தில் அடங்கும் பாடங்கள் நம் கல்லூரிகளில் மூன்று துறைகளுக்குப் பிரிந்து கிடக்கின்றன. சமூகப்பணித் துறையின் பி.எஸ்.டபிள்யூ. (இளநிலை சமூகப்பணி) பட்டத்தில் தனிநபரோடும் குழுவோடும் ஊரோடும் பணியாற்றும் முறைகள், சமூகச் சட்டங்கள், அரசுத் திட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் களப்பணி ஆகியவை இடம்பெறும். மனையியல் துறையில் மனித மேம்பாடு என்ற பிரிவு, கருவிலிருந்து முதுமை வரையிலான வளர்ச்சி, முன்பருவக் கல்வி, குடும்ப உறவுகள், ஊட்டச்சத்து ஆகியவற்றைக் கற்றுத் தரும். உளவியல் துறை மனத்தின் இயக்கத்தையும் அளவிடும் முறைகளையும் பற்றியது. குடும்பம் அதில் ஒரு பாடமாக வந்துபோகும்.

மனையியல் என்றதும் சமையலும் தையலும் என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கப்பட்டபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஊட்டச்சத்து அறிஞர் இராஜம்மாள் தேவதாஸ் போன்றவர்களின் உழைப்பால் குழந்தைகளின் உணவும் வளர்ச்சியும் அங்கே ஆய்வுக்குரிய பொருளாயின. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு பணியாற்ற விரும்புகிறவருக்கு அந்த வழி இன்றும் நல்ல வழியே. ஆனால் வீட்டை விட்டு ஓடிய சிறுவன், திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பதினைந்து வயதுச் சிறுமி, பெற்றோர் இருவரும் சிறையில் இருக்கும் குழந்தை ஆகியோர் உங்கள் மனத்தில் இருக்கிறார்கள் என்றால் சமூகப்பணியைத் தேர்ந்தெடுங்கள்.

சேருமுன் பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். சில தனியார் கல்லூரிகள் கேட்பதற்குக் கவர்ச்சியான புதுப் பெயர்களில் பட்டங்களை வழங்குகின்றன. அரசு வேலை அறிவிப்பில் 'சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி' என்று வழக்கமான பெயர்கள்தாம் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத பெயர் உங்கள் சான்றிதழில் இருந்தால், பாடம் ஒன்றே என்றாலும், இரு பட்டங்களும் சமம் என்று கூறும் இணைத்தன்மை ஆணைக்காக அலைய நேரிடும். ஆகவே கல்லூரியின் விளக்கச் சிற்றேட்டோடு அண்மையில் வந்த இரண்டு மூன்று வேலை அறிவிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பிடிக்கும் என்பது நல்ல தொடக்கமே. ஆனால் இந்த வேலையில் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி பெரியவர்களோடுதான் கழியும். குடித்துவிட்டு வந்து வாசலில் மறிக்கும் தந்தை, கதவைத் திறக்க மறுக்கும் பாட்டி, மாற்றுச் சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர், கையெழுத்துக்காக மூன்று முறை வரச் சொல்லும் எழுத்தர் ஆகியோரைக் கோபப்படாமல் சந்திக்க முடிந்தவரால்தான் குழந்தைக்கு ஏதாவது செய்ய முடியும். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா, அல்லது மூன்று ஆண்டுகளில் பழகிக்கொள்ள இயலுமா என்பதை உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா / அம்மா, என் மகள் சமூகப்பணி படிக்கப் போவதாகப் பிடிவாதமாக இருக்கிறாள். எங்கள் உறவினர்களோ, 'சேவை செய்வதற்கு எதற்குப் பட்டம், அதற்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்' என்று கேட்கிறார்கள். லாரி பட்டறை வைத்திருக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையான நிலையைச் சொல்லுங்கள்.
– தந்தை, நாமக்கல்

பதில்: உண்மையைச் சொன்னால் உங்கள் உறவினர்கள் முழுவதும் தவறாகச் சொல்லவில்லை, முழுவதும் சரியாகவும் சொல்லவில்லை.

இது சம்பளம் உள்ள வேலைதான். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இயங்குகிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி விதிகளின்படி, அங்கே பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய், சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (ஆலோசகர்) 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய் எனத் தொகுப்பூதியம் வகுக்கப்பட்டிருக்கிறது. இவை ஒப்பந்தப் பணிகள். ஒப்பந்தம் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். பணி நிரந்தரம் என்ற உறுதிமொழி கிடையாது. ஓர் அலகில் ஏறத்தாழ ஒரு டஜன் பணியிடங்கள் என்றால் மாநிலம் முழுவதற்கும் எத்தனை என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அவற்றுள்ளும் கணக்காளர், தகவல் பகுப்பாளர் போன்றவை வேறு படிப்புகளுக்கு உரியவை.

இவற்றைத் தவிர, 1098 குழந்தைகள் உதவி மையத்தின் மாவட்டப் பிரிவுகளிலும், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும், தத்து நிறுவனங்களிலும், குழந்தைகள் இல்லங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும் வேலை கிடைக்கிறது. பெரிய தொண்டு நிறுவனங்களில் ஊதியம் அரசு ஒப்பந்தப் பணியைவிடக் கூடுதலாக இருக்கலாம். சிறிய நிறுவனங்களில் வெளியே சொல்லக் கூச்சப்படும் அளவுக்குக் குறைவாகவும் இருக்கலாம். நன்கொடை வரும் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதைச் 'சேவை மனப்பான்மை' என்ற பெயரால் மூடி மறைத்து, படித்த பெண்களிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் பழக்கம் நம் துறையில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

நிரந்தர அரசுப் பணியை விரும்பினால், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 2 தேர்வின் வழியாக நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. அதற்கு உங்கள் மகள் மற்ற எல்லாப் பட்டதாரிகளோடும் போட்டியிட வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், பி.எஸ்.டபிள்யூ.வை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கத் திட்டமிட வேண்டாம். அதற்கு அடுத்த முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கே மருத்துவமனைகளிலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகளிலும் மேல்நிலைப் பணிகளிலும் கதவு திறக்கிறது. ஆகவே ஐந்தாண்டுச் செலவு என்று கணக்குப் போடுங்கள். எந்த இளநிலைப் பட்டம் பெற்றவரும் நம் நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சமூகப்பணிக் கல்வி இந்தியாவில் முதுநிலையில்தான் பிறந்தது; மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இல் பட்டதாரிகளுக்கான பள்ளியாகவே தொடங்கியது. 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி தமிழ்நாட்டில் அந்தக் கல்விக்கு வழி திறந்தது. எனவே உங்கள் மகள் இப்போது வேறொரு பட்டம் படித்தாலும் இந்தத் துறைக்கு வரத் தடையில்லை. பதினெட்டு வயதிலேயே களத்துக்குப் போய்ப் பழகுவது பி.எஸ்.டபிள்யூ. மாணவிக்குக் கிடைக்கும் தனி வாய்ப்பு. பிடிவாதத்துக்குக் காரணம் அதுவானால் நான் அவள் பக்கம்.

கேள்வி: நான் ஆண். இந்தப் படிப்பில் சேர்ந்தால் வேலை கிடைக்காது, எல்லாமே பெண்களுக்குத்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– மாணவர், ஆம்பூர்

பதில்: ஒரு பகுதி உண்மை. அங்கன்வாடித் துறையின் பணியிடங்களும் பெண் குழந்தைகளின் இல்லங்களும் பெண்களுக்கு உரியவை. மற்ற இடங்களில் ஆண்கள் தேவைப்படுகிறார்கள். ரயில் நிலையத்தில் இரவு பதினொரு மணிக்குக் கண்டெடுக்கப்படும் பதினான்கு வயதுப் பையனோடு பேசவும், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளிவந்தவனை மீண்டும் பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்க்கவும், தந்தைமார்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசவும் ஆட்கள் குறைவு. குடும்ப ஆலோசனை என்ற பெயரில் தாயை மட்டும் அழைத்து அறிவுரை சொல்லும் வழக்கம் நீடிப்பதற்கு, தந்தையிடம் போய்ப் பேசும் பணியாளர்கள் போதாமையும் ஒரு காரணம்.

கேள்வி: பி.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணிக்கு ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே பதிவேடுகளில் கோடு போடுவதும் விழா நாளில் நாற்காலி அடுக்குவதும்தான் எங்களுக்குத் தரப்படும் வேலை. வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். களப்பணியில் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– மாணவர், மதுரை

பதில்: உங்கள் கடிதம் போன்ற கடிதங்களை மாணவர்கள் என்னிடம் நேரில் கொண்டுவந்து கொடுத்ததுண்டு. குறை கல்லூரியுடையதா நிறுவனத்தினுடையதா என்று தேடுவதைவிட, அங்கே இருந்துகொண்டே எதைக் கற்கலாம் என்று பார்ப்போம்.

குழந்தையின் நிலை குறித்து எழுதப்படும் சமூக விசாரணை அறிக்கைதான் இந்தத் துறையின் அடிப்படை ஆவணம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையைக் கண்டெடுத்தவர், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. அந்தக் குழுவில் தலைவர் ஒருவரும் உறுப்பினர்கள் நால்வரும் இருப்பர். சமூக விசாரணை 15 நாள்களுக்குள் முடிய வேண்டும்; குழந்தை முதன்முதலில் நிறுத்தப்பட்டதிலிருந்து நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும். முடிவெடுக்கும் அந்த ஐவரும் குழந்தையின் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர் களப்பணியாளர்; அவர் எழுதியதுதான் அவர்களுக்குக் கண். அதனால் ஓர் அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாக எழுதப்பட்டால் ஒரு பிள்ளை தன் வீட்டிலிருந்து பல ஆண்டுகள் பிரிந்து வாழ நேரிடலாம்.

எடுத்துக்காட்டாக, கற்பனையான ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 'தாய் பொறுப்பற்றவர், பிள்ளையைக் கவனிப்பதில்லை' என்று ஒரு மாணவர் எழுதுகிறார். இன்னொருவர் அதே வீட்டைப் பற்றி, 'தாய் காலை ஐந்து மணிக்குச் செங்கல் சூளைக்குச் சென்று மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறார். தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி விட்ட பின் ஒன்பது வயதுச் சிறுவனோடு வீட்டில் பெரியவர் எவரும் இல்லை. தாயின் தாய் மூன்று கிலோமீட்டர் தொலைவில் தனியாக வசிக்கிறார்' என்று எழுதுகிறார். முதல் அறிக்கையைப் படித்தவருக்குப் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது. இரண்டாவதைப் படித்தவர், பாட்டியை வரவழைக்க முடியுமா, மாலை நேரத்துக்கு என்ன ஏற்பாடு, நிதி ஆதரவுத் திட்டத்தில் இந்தத் தாயைச் சேர்க்கலாமா என்று கேட்கத் தொடங்குவார். மிஷன் வாத்சல்யாவின் அந்தத் திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஒரு கோட்பாடாகவே வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கோட்பாடு உயிர்பெறுவதும் செத்துப்போவதும் அறிக்கை எழுதுபவரின் கையில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் செய்யத் தக்கவை இவை. இல்லத்தில் நீங்கள் கோடு போடும் சேர்க்கைப் பதிவேட்டில் 'சேர்க்கைக்கான காரணம்' என்ற கட்டம் இருக்கும். பொறுப்பாளரின் அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு, அந்தக் காரணங்களை மட்டும் படித்துப் பாருங்கள். 'வறுமை' என்ற ஒற்றைச் சொல் எத்தனை கட்டங்களில் இருக்கிறது, அதற்குள் எத்தனை விதமான கதைகள் மறைந்திருக்கக்கூடும் என்று உங்கள் மேற்பார்வை ஆசிரியரோடு விவாதியுங்கள். வீட்டுப் பார்வைக்குச் செல்லும் பணியாளரோடு உடன்செல்ல அனுமதி கேளுங்கள். ஒருமுறை மறுத்தால் அடுத்த மாதம் மீண்டும் கேளுங்கள். களப்பணி நாட்குறிப்பில் நீங்கள் பார்த்ததை ஒரு பக்கத்திலும் நினைத்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தை ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டால் வருத்தப்படாதீர்கள். குழந்தையின் பெயர், பள்ளி, ஊர், புகைப்படம் எதுவும் உங்கள் கைப்பேசிக்குள் வரக்கூடாது. அடையாளத்தை வெளியிடுவது அச்சட்டத்தின் 74ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். களப்பணி முடிந்த நாளில் குழந்தைகளோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் மாணவர்களுக்கும் அது பொருந்தும்.

பாடநூலை மட்டும் நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1098 உதவி எண் 1996இல் மும்பை டாடா நிறுவனத்தின் களத் திட்டமாகத் தொடங்கி, தொண்டு நிறுவனங்களின் வழியே நாடு முழுவதும் பரவியது என்பது வரை பாடத்தில் இருக்கும். 2023இல் அது அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டது பல கல்லூரிக் குறிப்புகளில் இன்னும் ஏறவில்லை. தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கும் முறை 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததும் அவ்வாறே. களத்தில் இருப்பவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: களப்பணிக்காக ஒரு பள்ளியில் மாணவிகளுக்கு விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி தன் உறவினர் தன்னிடம் தவறாக நடப்பதாக என்னிடம் சொன்னாள். 'யாரிடமும் சொல்லாதீங்க அக்கா' என்று கெஞ்சினாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்று முதல் தூக்கம் இல்லை. நான் படிக்கும் மாணவிதானே, எனக்கு என்ன பொறுப்பு?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்விக்கு இதழ் வெளிவரும் வரை காத்திருக்க இயலாது என்பதால் ஆசிரியர் குழு உங்களை உடனே தொடர்புகொண்டது. மற்ற மாணவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகச் சுருக்கமாக எழுதுகிறேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. 'எவரும்' என்பதில் மாணவியும் அடக்கம். தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே இரகசியமாக வைத்திருப்பேன் என்ற வாக்கைக் காப்பாற்ற உங்களுக்குச் சட்டமும் இடம் தரவில்லை; அந்தச் சிறுமியின் பாதுகாப்பும் இடம் தரவில்லை. அவளிடம் திரும்பச் சென்று, 'நீ சொன்னது நல்லது; உன் மேல் எந்தத் தவறும் இல்லை; இதை நிறுத்தக்கூடியவர்களிடம் மட்டும் நான் சொல்லப் போகிறேன்' என்று அவளுக்குப் புரியும் வகையில் சொல்ல வேண்டும். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. அவள் சொன்ன சொற்களை அப்படியே, உங்கள் விளக்கம் சேர்க்காமல், அன்றைய தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்கள் களப்பணி மேற்பார்வையாளரிடம் அன்றே தெரிவியுங்கள். அவர் தயங்கினாலும் 1098க்கு அழைப்பதை நிறுத்தாதீர்கள். வாக்குமூலத்தைச் சிறுமியின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவலர் சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்வார்கள் என்று அவளோ அவள் தாயோ அஞ்சினால் இதை எடுத்துச் சொல்லலாம்.

முதலாண்டில் களத்துக்கு அனுப்பும் முன்பே இதைக் கற்றுத் தர வேண்டிய கடமை கல்லூரிகளுக்கு உண்டு. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று எந்தக் குழந்தைக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது களப்பணியின் முதல் வகுப்பில் வர வேண்டிய செய்தி. உங்களுக்கு அது வந்து சேரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

கேள்வி: பட்டம் முடித்ததும் 'குழந்தைகள் மனநல ஆலோசகர்' என்று பலகை வைத்து ஆலோசனை மையம் தொடங்கலாமா?
– மாணவி, கோவை

பதில்: தொடங்கக்கூடாது என்பதே என் பதில். மூன்றாண்டுப் படிப்பில் கிடைக்கும் ஆலோசனைப் பயிற்சி, கவனமாகக் கேட்கவும் உரிய இடத்துக்கு அனுப்பவும் போதுமானது. சிகிச்சை அளிக்கப் போதாது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனநல சமூகப்பணியில் ஆர்வம் இருந்தால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பின் அதற்கென்றே எம்.ஃபில். படிப்பு பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இருந்து வந்திருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் வேலை செய்ய விருப்பமென்றால், சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் படிப்புகளைப் பாருங்கள். கற்றல் குறைபாடு, ஆட்டிசம் என்று பெற்றோர் பதற்றத்தோடு ஓடி வரும் காலம் இது; பலகை வைத்தால் கூட்டம் நிச்சயம் வரும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகள் அங்கே 'குழந்தை மற்றும் குடும்ப சேவைகள்' பட்டத்தில் சேரப் போகிறாளாம். அதுவும் பி.எஸ்.டபிள்யூ.வும் ஒன்றுதானா?
– வாசகி, திருச்சி

பதில்: பாடங்கள் பல ஒத்திருக்கும், தகுதி ஒன்றல்ல. அங்கே சமூகப்பணியாளர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் வழங்குகிறது. இளநிலையிலேயே உரிமம் தரும் மாநிலங்களில், சமூகப்பணிக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ. பட்டத்தைத்தான் பொதுவாகக் கேட்கிறார்கள். அந்தப் பட்டம் இருந்தால் பல பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்.டபிள்யூ.வின் காலமும் குறையும். குழந்தை, குடும்பச் சேவைப் பட்டம் பெற்றவர்கள் முன்பருவக் கல்வி, பெற்றோர் பயிற்சி, குடும்ப ஆதரவுத் திட்டங்கள் போன்றவற்றில் பணியாற்றுகிறார்கள். உரிமம் பெற்ற சமூகப்பணியாளராக வேண்டும் என்பது அவள் எண்ணமானால், சேரும் முன் அங்கீகாரத்தைப் பற்றித் துறைத் தலைவரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. பிளஸ் டூ முடித்து எட்டு ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். கல்லூரிக்குப் போக வழியில்லை. தொலைநிலைக் கல்வியில் சமூகப்பணிப் பட்டம் படிக்கலாமா? படித்தால் பயன் உண்டா?
– அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி மாவட்டம்

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது உங்களுடையது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடு முழுவதும் நிற்பது உங்களைப் போன்றவர்களின் உழைப்பால்தான். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளையின் எடை குறைகிறது, எந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்தப் பேசுகிறார்கள் என்பது மாவட்ட அலுவலகத்துக்கு எட்டும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லூரி மாணவி மூன்றாண்டு களப்பணியில் தேடுவது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பி.எஸ்.டபிள்யூ. பட்டத்தைத் தொலைநிலையில் வழங்கி வருகிறது. பிளஸ் டூ தேர்ச்சி போதும், வயது தடையில்லை, வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடைபெறும். பாடங்களை வீட்டிலேயே படித்தாலும் களப்பணியைத் தவிர்க்க முடியாது. அதற்கு ஒரு நிறுவனமும் மேற்பார்வையாளரும் வேண்டும். உங்கள் மையத்தில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வேலையையே களப்பணி என்று காட்டலாம் என்று யாராவது சொன்னால், கல்வி மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் நம்ப வேண்டாம். முடிந்தால் வேறோர் இடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் நலனின் மற்றொரு பக்கத்தைப் பார்க்க அது உதவும்.

பயனைப் பொறுத்தவரை, அங்கன்வாடி மேற்பார்வையாளர் பணியிடங்களில் பாதியை ஐந்தாண்டு அனுபவமும் பிற தகுதிகளும் உள்ள அங்கன்வாடிப் பணியாளர்களைக் கொண்டு பதவி உயர்வால் நிரப்ப வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. அந்தப் பதவி உயர்வுக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதியை மாநில விதிகளே முடிவு செய்யும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் அந்த விதிகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அரசுப் பணியில் இருப்பவர் உயர்கல்வியில் சேருவதற்கு முன்அனுமதி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மனையியலோ ஊட்டச்சத்தோதான் வேண்டும் என்று விதியில் இருந்தால், சமூகப்பணிப் பட்டம் அந்தப் பதவிக்கு உதவாது. ஆனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர் பணிக்கு அது பொருந்தும். அந்த அறிவிப்புகளில் வயது வரம்பு குறிப்பிடப்பட்டிருக்கும் என்பதால், அடுத்த சேர்க்கையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.